ஒன்றரை அடிக்கு ஒரு புகார்

கொத்தனார் வேலிக்கு மூன்றாவது குழி தோண்டும்போது பக்கத்து வீட்டு லாரி டிரைவர் பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றார்.

"கொத்தனாரே, குழி என் இடத்துல விழுதே?"

"என் எல்லை எனக்குத் தெரியாதா, டிரைவரே? என் கையால கட்டின வீடு."

"பத்திரத்தை எடுத்து அளந்து காட்டுங்க."

கொத்தனார் கயிறு பிடித்தார். குழி அரையடி டிரைவர் பக்கம் போயிருந்தது. கயிறு தொய்கிறது என்று டேப்பை எடுத்தார். ஒரு அடி. டேப் பழசு என்று கடைக்கு ஓடிப் புதுசு வாங்கி வந்தார். ஒன்றேகால்.

"இன்னும் ரெண்டு டேப் வாங்குங்க. உங்க சமையலறையும் எனக்கு வந்துடும்" என்றார் டிரைவர்.

உள்ளேயிருந்து கொத்தனாரின் மனைவி கத்தினாள். "வேலியைத் தள்ளிப் போட்டுத் தொலைங்களேன்!"

"தள்ளிப் போட்டா குளியலறையை எங்கடி வைக்கிறது? என் தலையிலயா?"

அதுதான் சங்கதி. ஊருக்கெல்லாம் கட்டிய மனிதர், லீவு நாட்களில் முதுகொடிந்து தன் பெண்டு பிள்ளைகளுக்கு மூன்றடி அகலத்தில் ஒரு குளியலறை எழுப்பியிருந்தார். அதன் சுவரும் குழிகளும் ஒரே நேர்கோடு.

வீம்புக்குச் சர்வேயரை அழைத்து வந்தார். கூடவே அளவுச் சங்கிலி பிடிக்கும் பெரியவர். சர்வேயர் வரைபடத்தை விரித்து மூலை மூலையாகக் குனிந்தார்.

"அம்புக்குறி வெட்டின எல்லைக் கல் ஒண்ணு இங்க இருக்கணும். காணோம். ரோட்டுலேர்ந்துதான் அளக்கணும்."

அளந்தார். ஒன்றரை அடி. "குளியலறையில பாதியை இடிக்கணும்."

கொத்தனார் டிரைவரை நோக்கிக் கையை நீட்டினார். "கல்லைப் பிடுங்கினது இந்த ஆளுதான் சார்! லாரிக்காரனுக்குக் கல்லு கடத்தவா தெரியாது?"

"யோவ், வார்த்தையை அளந்து பேசு!"

"அதையாவது சரியா அளக்கட்டும்" என்றார் சர்வேயர். "புகார் எழுதிக் கொடுங்க. கல்லை எடுத்தவருக்கு அபராதம் உண்டு. ஜெயிலும் உண்டு."

"எவனா இருந்தாலும் விடக்கூடாது, எழுதுங்க!" கொத்தனார் சொல்லச் சொல்ல சர்வேயர் எழுதினார். கொத்தனார் இரண்டு இடத்தில் அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

கால் கழுவப் போயிருந்த பெரியவர் குளியலறை வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

"சார், அம்புக்குறிக் கல்லு இங்க படியா பதிஞ்சு கிடக்குது. பக்கத்துலயே ஈர சிமெண்ட்டுல கொத்தனாரு தன் பேரையும் தேதியையும் எழுதி வச்சிருக்காரு!"