ஒரு தீர்மானமும் மூன்று இராகுகாலங்களும்

எங்கள் சனத்தை ஒரு மண்டபத்தில் சேர்ப்பது பெரிய காரியமே இல்லை. தின்ன இறைச்சி ரொல்ஸ் உண்டு என்ற செய்தி பரவினால் போதும், ஒஸ்லோவுக்கு ஏழு மணித்தியாலம் ஓட வேண்டிய துரொண்ட்ஹெய்மிலிருந்தும் கார் பிடித்து வந்துவிடுவார்கள். வந்தவர்களை ஒரே நேரத்தில் கை தூக்க வைப்பதுதான் ஆகாத காரியம். நான் அதைச் செய்யப் போய்த் தோற்றதால்தான் என் தங்கை டொக்டராகவில்லை. வீட்டில் இதைச் சிரிப்புக் கதையாகவே சொல்லி வருகிறோம். (வேறெப்படிச் சொல்வதாம்?)

நோர்வேயில் பல்கலைக்கழகப் படிப்பு இலவசம். ஆனால் மருத்துவத்துக்கு இடம் எடுக்கப் புள்ளிகள் கூரையை முட்ட வேண்டும். கூரைக்கு எட்டாத பிள்ளைகள் கிழக்கு ஐரோப்பாவுக்குப் போய்க் காசு கட்டிப் படிக்கலாம். அரசாங்கம் அதற்குக் கடன் தரும்தான். கடன் என்ற சொல்லைக் கேட்டாலே என் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்காது. அவரைப் போன்ற ஒஸ்லோத் தமிழ்ப் பெற்றோர் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிள்ளை சின்னதாக இருக்கும்போதே மாதாமாதம் கட்டி வர வேண்டும். பிள்ளை வளர்ந்து வெளிநாட்டில் இடம் எடுத்தால் கல்லூரிக் கட்டணத்தைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். முன்கட்டணத் திட்டம் என்று அதற்குப் பெயர்.

அப்பா நோர்வேயின் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டி, விரல்கள் மரத்துப்போய், பிறகு ஒஸ்லோவுக்கு வந்து பள்ளிக்கூடங்களைத் துடைத்தவர். என் தங்கை துளசிக்காக அந்தத் திட்டத்தில் சேர்ந்தார். துளசி பொம்மைக்கு ஊசி போட்ட வயதிலேயே அவளை 'டொக்டர் அம்மா' என்றுதான் கூப்பிடுவார். (என்னை 'வாய்க்காரி' என்பார். அது எவ்வளவு சரி என்று பின்னால் பார்ப்பீர்கள்.)

இரண்டாயிரங்களின் பிற்பாதியில் திட்டம் ஆட்டம் கண்டது. வெளிநாட்டுக் கல்லூரிகள் கட்டணத்தை உயர்த்திக்கொண்டே போயின. புதிதாகச் சேர ஆளில்லை. சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள், "பெரிய பிள்ளையள் எல்லாத்தையும் திண்டு முடிச்சிடுங்கள், எங்கடை பிள்ளையளுக்குச் சட்டிதான் மிஞ்சும்" என்று கதைக்கத் தொடங்கின. அந்த நேரம் பார்த்துத்தான் துளசிக்கு இடம் கிடைத்தது. தை மாதத்துக்குள் கட்டணம் போக வேண்டும்.

திட்டத்தைக் காப்பாற்ற ஒரே வழி சங்கத்தின் விதிகளான யாப்பைத் திருத்துவது. எல்லோரும் கொஞ்சம் கூடக் கட்டுவது, நிலைமை சீராகும்வரை யாரும் விலகாமல் இருப்பது. இவ்வளவுதான் திருத்தம். மண்டபத்தில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பேர் கை தூக்கினால் நிறைவேறும். தோற்றால் அவரவர் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கூட்டத்துக்குத் தலைமை தாங்க யாரைப் போடுவது என்பதிலேயே சண்டை. கடைசியில், "சட்டம் படிக்கிற பிள்ளை இருக்கு, அதைப் போடுவம்" என்று என்னைப் பிடித்தார்கள். சட்டம் படிக்கிற பிள்ளை அப்போது முதலாம் ஆண்டு. புத்தகங்கள் வாங்கியிருந்தேன், திறந்திருக்கவில்லை. ஆனாலும் நாடாளுமன்றமே என் கைக்கு வந்துவிட்டதாக நினைப்பு. தொலைக்காட்சியில் நாடாளுமன்ற விவாதம் பார்த்துப் பழகினேன். கறுப்புக் கோட் வாங்கினேன். மேசையில் தட்டுவதற்கு அம்மாவின் இறைச்சிச் சுத்தியலைக் கழுவி எடுத்துப் போனேன். கழுவியும் கறிச் சரக்குத்தூள் மணத்தது.

ஒஸ்லோவின் பியோர்ண்டாலில் ஒரு மண்டபம். நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டிலிருந்து ஆறு மணிவரை எங்களுக்கு. ஆறுக்கு நடன வகுப்பு வரும், ஒரு நிமிடமும் கூடத் தர மாட்டேன் என்று மண்டபக் காவலாளி முதலே சொல்லிவிட்டார்.

பன்னிரண்டுக்கு நான் சுத்தியலைத் தூக்கியதும் முன்வரிசையில் பொன்னுத்துரை மாமா எழும்பினார். திருத்தத்தை எதிர்ப்பவர்களுக்கு அவர்தான் தலைவர்.

"பிள்ளை, இப்ப விளக்கேத்தேலாது. ஊரிலை இப்ப நாலரை. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறுவரை இராகுகாலம்."

"மாமா, நாங்கள் ஒஸ்லோவிலை இருக்கிறம்."

"இருந்தா? கிரகம் உனக்காக ஒஸ்லோவுக்கு வந்து நிக்குமோ?"

எதிர்க்கட்சித் தந்திரம் என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால் எங்கள் பக்கத்து ஆட்களும் தலையாட்டுகிறார்கள். சரி, ஒன்றரைக்குத் தொடங்குவோம் என்று தேநீர் கொடுத்தோம்.

ஒன்றரைக்கு விளக்கேற்றி, மௌன அஞ்சலி செலுத்தி, பொருளாளர் நிலைமையை விளக்கி முடிக்க மூன்று மணியை நெருங்கிவிட்டது. இனி வாக்கெடுப்பு என்று நிமிர்ந்தேன். கோயம்புத்தூரிலிருந்து கணினி வேலைக்கு வந்து எங்கள் சங்கத்தில் சேர்ந்திருந்த ரமேஷ், மடிக்கணினியோடு எழுந்தார்.

"மேடம், ஒரு சின்ன டவுட்டு. ராகுகாலம்ங்கறது அந்தந்த ஊர் சூரியோதயம், அஸ்தமனம் வெச்சுக் கணக்குப் போடறதுங்க. ஒஸ்லோவுல இன்னிக்கு அஸ்தமனம் மூணே முக்காலுக்கு முன்னாடியே வந்துடுது. அப்படிப் பார்த்தா ராகுகாலம் இப்பத்தான் ஸ்டார்ட் ஆவுது."

"ஏன் தம்பி, இவ்வளவு நேரமும் இருந்தது என்ன காலம்?" என்று பொன்னுத்துரை மாமா சீறினார்.

"அது நல்ல நேரம்ங்க அங்கிள். நீங்கதான் டீ குடிச்சே வேஸ்ட் பண்ணிட்டீங்க."

பெண்கள் பகுதி முழுவதும் ரமேஷின் பக்கம் சாய்ந்தது. கணினி சொன்னால் சரியாகத்தானே இருக்கும். நான் ரொல்ஸுக்கு இடைவேளை விட்டேன்.

வெளியே இருட்டியபோது அதிசயம் நடந்தது. வயிறு நிறைந்த சனம் ஒருமுகமாகிவிட்டது. ஊர் இராகு போயிற்று, ஒஸ்லோ இராகுவும் போயிற்று. பொன்னுத்துரை மாமாவே கொட்டாவி விட்டுக்கொண்டு, "சரி பிள்ளை, கெதியா வாக்கை எடு. வேணுமெண்டா நானும் தூக்கிறன், வீட்டை போவம்" என்றார்! அந்த நிமிடத்தில் சுத்தியலைத் தட்டியிருந்தால் இன்று என் தங்கை டொக்டர். முடிந்தது கதை.

ஆனால் சபைத் தலைவரிடம் ஒரு நிறைவுரை இருந்தது.

ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று பாடமாக்கிய உரை. அதை விட மனம் வருமா? மைக்கைப் பிடித்தேன். நோர்வேயின் அரசியலமைப்புப் பிறந்த கதையில் தொடங்கினேன். ஜனநாயகம், கூட்டுப் பொறுப்பு, புலம்பெயர்ந்தோர் கல்வி என்று போய்க்கொண்டே இருந்தேன். பின்வரிசையில் துளசி தன் மணிக்கட்டைத் தட்டித் தட்டிக் காட்டினாள். புதுக் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறாள் என்று நினைத்து அவளைப் பார்த்துச் சிரித்தேன். (ஓம், அவ்வளவு மொக்கு.) உரையை முடித்தபோது கைதட்டல் வந்தது. மணி நாலரை தாண்டியிருந்தது.

"இப்போது வாக்கெடுப்பு" என்றேன்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல்: "பிள்ளை, கொஞ்சம் பொறு."

என் அப்பா.

"என்னப்பா?"

"இராகுகாலம் தொடங்கிட்டுது."

"ஐயோ அப்பா, ரெண்டு இராகுவும் முடிஞ்சுதே!"

"எனக்கு அதொண்டும் தெரியாது. எங்கடை வீட்டுக் கலண்டரிலை நாலரையிலிருந்து ஆறு எண்டு அடிச்சிருக்கு. அடிச்சவனுக்கென்ன விசரோ?"

அப்பாவின் வரிசை முழுவதும், அதற்குப் பின்வரிசையும் ஓமெண்டது. எல்லாம் எங்கள் ஆட்கள். திருத்தத்துக்காக வீடு வீடாகப் போய்க் கதைத்தவர்கள். எனக்கு வந்த கோபத்தில் கோட்டுக்குள் வேர்த்தது. மைக்கில், "இராகுவுக்கு நோர்வேயிலை வதிவிட அனுமதி இல்லை" என்றேன். இளசுகள் கெக்கலித்துச் சிரித்தன. பெரியவர்களின் முகங்கள் இறுகின. அப்பாவின் முகமும்தான்.

"ஆறு மணிக்கு வெளியிலை கார் நிப்பாட்டிற இடத்திலை நிண்டு தூக்குவம், பிள்ளை. பத்து நிமிச வேலை" என்று பொருளாளர் கெஞ்சினார். மண்டபத்துக்கு வெளியே எடுக்கும் வாக்கு செல்லாது என்று நான் தீர்ப்புச் சொன்னேன். எந்தச் சட்டப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

வாக்கெடுப்பு நடந்தது. கைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும்பின. அப்பா இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு, குளிரில் பஸ்ஸுக்கு நிற்கிறவர் போல் இருந்தார். அதை நான் விட்டிருக்கலாம். விடவில்லை. அத்தனை சனத்துக்கு முன்னால் மைக்கில் கூப்பிட்டேன்.

"அப்பா! கையைத் தூக்குங்கோ! துளசியின்ரை படிப்பு!"

"அதுதான் பிள்ளை," என்றார் அப்பா. "படிப்புக் காரியம். டொக்டர் படிப்பு. கூடாத நேரத்திலை தொடங்கிவிட்டு, பிள்ளைக்குப் பிறகு ஒண்டு நடந்தா நான் என்ன செய்யிறது? ஆறுக்குத் தூக்குறன்."

மண்டபம் சிரித்தது. நான் சுத்தியலால் மேசையில் ஓங்கி அடித்தேன். அதன் தலை கழன்று பறந்து பொன்னுத்துரை மாமாவின் மடியில் விழுந்தது. சிரிப்பு இன்னும் கூடியது. தீர்மானம் தோற்றது.

மார்கழிக்குள் எல்லோரும் பங்கைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்களுக்கு வந்தது துளசியின் கல்லூரி வாசல்படிக்குக்கூடக் காணாது. கடன் எடுப்போம் என்று நானும் அம்மாவும் மன்றாடினோம். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "கடன்காரியாப் பிள்ளையை அனுப்பேலாது" என்றார். கடைசியில் துளசியே, "விடுங்கோ, எனக்கு அந்தக் குளிர் ஊர் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். (ஒஸ்லோவில் இருந்துகொண்டு சொன்னாள்.) ஒஸ்லோவிலேயே ஆய்வுகூடப் படிப்புப் படித்தாள். இப்போது ஆஸ்பத்திரியில் மற்றவர்களின் இரத்தத்தைப் பரிசோதிக்கிறாள். நல்ல வேலை. ஆனால் அப்பா அதன் பிறகு அவளை 'டொக்டர் அம்மா' என்று ஒருநாளும் கூப்பிடவில்லை. எனக்கு அது அப்போது உறைக்கவேயில்லை.

உறைத்திருந்தால் நான் அந்தக் கதையை அப்படி ஆடிக் காட்டியிருக்க மாட்டேன். பிறந்தநாள், கலியாணவீடு, எங்கே நாலு பேர் கூடினாலும், "அக்கா, அப்பா கை தூக்காத கதையைச் செய்து காட்டுங்கோ" என்பார்கள். கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு, "ஆறுக்குத் தூக்குறன்" என்பேன். சனம் உருண்டு புரளும். அப்பாவும் சிரிப்பார். சிரித்துவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போவார். கதை முடியும்வரை தேத்தண்ணி வராது.

அப்பா போய் முதலாம் ஆண்டுத் திதி. படையல் முடிந்து வீட்டுக்காரர் மட்டும் இருந்தோம். அழுது அழுது களைத்துப்போய், ஆரையாவது சிரிக்க வைப்போம் என்று நான் கைகளை அக்குளுக்குள் செருகினேன். துளசி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

"அண்டைக்கு நீ மண்டபத்திலை கதிரை அடுக்கிக்கொண்டு நிண்டனி," என்றார். "நானும் அவரும் முதலே வீட்டை வந்திட்டம். கோட்டும் கழட்டேல்லை மனுசன். குசினியிலை மணிக்கூட்டையே பாத்துக்கொண்டு இருந்தவர். ஆறு ஆனதும் சாமியறைக்குள்ளை போனார். போய்ப் பாத்தன். பிள்ளையார் படத்துக்கு முன்னாலை ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறார். 'என்னப்பா செய்யிறியள்?' எண்டன். 'வாக்குப் போடுறன்' எண்டார்."

துளசிதான் கேட்டாள்.

"எவ்வளவு நேரம் நிண்டவர்?"

"கை சோர்ந்து விழுமட்டும்."

துளசி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்றைக்குத் தீர்மானம் தோற்றபோதுகூட அவள் அழவில்லை. அந்த ஒரு கையைச் சேர்த்திருந்தாலும் மூன்றில் இரண்டு வந்திராது. எண்ணியவள் நான், எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல், இன்னும் அக்குளுக்குள் இருந்த கைகளை வெளியே எடுத்தேன்.

இப்போது அந்தக் கதையைத் துளசிதான் சொல்கிறாள். தன் பிள்ளைகளுக்கும் என் பிள்ளைகளுக்கும் செய்து காட்டுகிறாள். கோட்டோடு சாமியறைக்குள் போய்க் கையைத் தூக்குவது வரைக்கும் செய்கிறாள். பிள்ளைகள் அந்த இடத்தில்தான் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். "இன்னொருக்கா அம்மா, இன்னொருக்கா" என்று கத்துகிறார்கள். அவளும் திரும்பத் தூக்குகிறாள். அந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.