கன்னத்தில் தங்கிய வாங்கிபாத்

தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு பெரிய சௌகரியம், எப்படிச் சாப்பிடுகிறாய் என்று குறை சொல்ல ஆளில்லை. அந்தச் சௌகரியம்தான் என்னை ஒருநாள் சந்தி சிரிக்க வைத்தது.

அதற்கு முந்தைய வருஷம் எனக்கு லேசான பக்கவாதம் வந்துபோயிருந்தது. கை கால் தப்பித்தன. இடது கன்னம் மட்டும் மரத்தே கிடந்தது. வெளியே மூச்சு விடவில்லை. ஸ்ட்ரோக் என்றாலே ஜனங்கள் நம்மிடம் உரக்க, நிறுத்தி நிறுத்திப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். (எனக்குப் போனது காதா என்ன?)

கணவர் போன பிறகு விஜயநகர் வீட்டில் நான் ஒருத்திதான். மகள் புனேயில். இடது கடைவாய்ப் பல் வலி தாங்காமல், பிடுங்கிவிடலாம் என்று பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். போகுமுன் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நானே நிறுத்தினேன். இல்லாவிட்டால் பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காதே! வங்கி மேலாளராக இருந்தவளுக்கு வைத்தியம் தெரியாதா?

நாற்காலியைச் சுற்றி வெள்ளைக் கோட்டு மாணவர்கள். பேராசிரியை கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்: "பிபி, சுகர், ஸ்ட்ரோக் ஏதாவது இதியா அம்மா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

"சரி, பாயி தெகீரி."

வாயைத் திறந்தேன். கண்ணாடி இடது கன்னத்துக்குள் போய் நின்றது. இடுக்கியால் எதையோ பிடித்து வெளியே எடுத்தார். ஊதாத் தோலோடு ஒரு கத்தரிக்காய்த் துண்டு. அடுத்து, ஒரு வேர்க்கடலை. (பல் தேய்த்துவிட்டுத்தான் போயிருந்தேன், சத்தியமாக.)

"இது எப்ப சாப்பிட்டது?"

"நேத்து ராத்திரி. கத்தரிக்காய் சாதம், வாங்கிபாத்."

மாணவி ஒருத்தி முகமூடிக்குள் சிரித்தாள். பேராசிரியை சிரிக்கவில்லை.

"உள்ள இருக்கிறதே தெரியலையா? கொஞ்சம் சிரிங்க, நோடோணா, பார்க்கலாம்."

சிரித்தேன். பாதி முகம்தான் சிரித்தது. அதற்கு மேல் பொய் சொல்ல வழியில்லை. மாத்திரையை நிறுத்தியதையும் உளறிவிட்டேன்.

"அய்யோ! பல்லுல ரத்தம் வந்தா நான் நிறுத்துவேன் அம்மா. இன்னொரு ஸ்ட்ரோக் வந்தா யாரு நிறுத்துறது? உங்க டாக்டரைக் கேக்காம விடலாமா?"

பல்லைத் தொடவே இல்லை. பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "கன்னத்துல சாப்பாடு தங்கித் தங்கித்தான் பல்லு கெட்டிருக்கு. சாப்பிட்டதும் விரலால தடவிப் பாருங்க. எதிர்ல உக்காந்து சாப்பிடறவங்களைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க. யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல" என்றேன்.

மாணவர்கள் எல்லோரும் சட்டென்று தரையைப் பார்த்தார்கள். கத்தரிக்காய்க்கு வராத அழுகை அப்போது வந்தது.

மகளுக்கு அங்கிருந்தே போன் போயிற்று. மாத்திரை அன்றே மறுபடி தொடங்கியது. நரம்பு மருத்துவர் சம்மதித்த பிறகு, மாத்திரையை விடாமலே பல்லும் போயிற்று. விஷயம் மட்டும் போகவில்லை. வீட்டு விசேஷங்களில் வாங்கிபாத் வரும்போதெல்லாம் மாப்பிள்ளை பந்தியில் கேட்பார்: "அத்தை, இது இன்னிக்குப் பண்ணினதா, நேத்து எடுத்து வெச்சதா?"

இப்போது மகள் தினமும் மதியம் வீடியோவில் வருகிறாள். தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்துவைத்துச் சாப்பிடுகிறேன். முடிந்ததும், "அம்மா, கன்னத்தைக் காட்டு!" என்பாள். சுத்தமாக இருந்தால் "சரி, வெச்சுடறேன்" என்று போய்விடுவாள்.

அதனால் சில நாள் ஒரு பருக்கையை நானே அங்கே தள்ளி வைத்துக்கொள்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம் திட்டுவாள்.