படம் இரண்டாம் கட்டத்தில்

கொள்முதல் பிரிவுக் கண்காணிப்பாளர் மீது இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு தணிக்கைக் குறிப்புகூட எழுதப்பட்டதில்லை. தணிக்கைக்காரர்கள் வருவார்கள், தேநீர் குடிப்பார்கள், கோப்புகளைப் புரட்டுவார்கள், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவருடைய பிரிவில் குற்றம் காண முடியாததற்குக் காரணம் எளிமையானது. அந்தப் பிரிவு இருபத்தாறு ஆண்டுகளாக எதையும் வாங்கவில்லை.

வாங்க முயலவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒருமுறை இயக்குநருக்கு இடுப்புவலி என்று நல்ல நாற்காலி ஒன்றுக்குக் கோப்பு திறந்தார்கள். மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, ஒப்பிட்டு, விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பி, மறுபடி பெற்று, ஒப்புதல் வந்து சேர்ந்தபோது இயக்குநர் ஓய்வு பெற்றிருந்தார். அடுத்து வந்தவருக்கு இடுப்பு நன்றாக இருந்தது. கோப்பு மூடப்பட்டது. அரசுக்கு ஒரு நாற்காலி மிச்சம். கண்காணிப்பாளருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். வீட்டிலும் நாற்காலிகள் குறைவு என்பதால், வருகிறவர்கள் நின்றபடியே அதைப் படித்துவிட்டுப் போவார்கள்.

இப்படிப்பட்டவரின் வீட்டில்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டர் செத்துப்போனது.

அது மகளுடையது. அவள் பாட்டெழுதி, மெட்டமைத்து, தானே பாடிப் பதிவு செய்கிறவள். இசைக் கல்லூரியில் சேர மூன்று பாடல்கள் அனுப்ப வேண்டும். போன வருடம் அனுப்பி, காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயராக நின்றாள். நின்றபடியே வருடம் போய்விட்டது. ஒருவர் இரண்டு முறைக்கு மேல் விண்ணப்பிக்கக் கூடாது என்பது கல்லூரியின் விதி. இது இரண்டாவது முறை. கடைசித் தேதிக்கு ஏழு வாரம் இருந்தது.

கண்காணிப்பாளரின் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். ஆறு மாதமாகக் கூடுதல் ஷிப்ட் பார்த்துச் சேர்த்ததை ஓர் உறையில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"இது புள்ளைக்கு. இதுக்கு மேல சல்லிக்காசு கிடையாது."

மகள் அரைத்தாளில் பட்டியலை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். நடுத்தரமான ப்ராசசர் ஒன்று, ரேம், டிஸ்க், மலிவான கேபினெட், நல்ல மைக் ஒன்று. ஐந்தே வரி.

"நாளைக்கே கடைக்குப் போயிடலாம்பா. மாட்டுறதெல்லாம் நானே மாட்டிடுவேன்."

"நாளைக்கா?" கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். "பாப்பா, நாளைக்கே வாங்குறதுன்னா அது அவசரக் கொள்முதல். வெள்ளம், தீ விபத்து, தொற்றுநோய். உன் கம்ப்யூட்டர் இதுல எதுல வருது?"

"அப்பா, இது வீடு."

"அதனாலதான் சொல்றேன். ஆபீஸ்ல தப்பு நடந்தா கேக்கத் தணிக்கை இருக்கு. வீட்ல யாரு இருக்கா?"

இந்தக் கேள்விக்கு அவர் மனைவியிடம் பதில் இருந்தது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதால் அதைச் சொல்லாமல் கிளம்பினார். அந்த வார இறுதிக்குள் கோப்பு திறக்கப்பட்டு, 'இல்லக் கணினித் தேர்வுக் குழு' முறைப்படி அமைக்கப்பட்டது. தலைவர், கண்காணிப்பாளர். நிதி உறுப்பினர், மனைவி. தொழில்நுட்ப உறுப்பினர், மனைவியின் தம்பி. மகள் சம்பந்தப்பட்ட நபர் என்பதால் பாரபட்சம் காட்டக்கூடும். எனவே அவள் சிறப்பு அழைப்பாளர், வாக்குரிமை இல்லை.

தொழில்நுட்ப உறுப்பினரை வீட்டில் எல்லோரும் ரிவ்யூ என்று அழைப்பார்கள். கம்ப்யூட்டர் பாகங்களைப் பற்றிய வீடியோக்களை ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் பார்ப்பவர். சொந்தமாகக் கம்ப்யூட்டர் கிடையாது. ஆகவே நடுநிலை தவறாதவர். பாட்டு பதியாத நேரத்தில் அதில் தானும் கொஞ்சம் கேம் ஆடலாம் என்ற சிறிய எதிர்பார்ப்பு மட்டும் அவருக்கு இருந்தது.

முதல் கூட்டத்தில் அவர் பேசினார்.

"அத்தான், லைட் இல்லாத ரேம் இப்ப யாரும் போடுறதில்ல."

"லைட் போட்டா வேகம் கூடுமா?"

"கூடாது. ஆனா வேகமா இருக்குன்னு பாக்குறவங்களுக்குத் தெரியும்."

கண்காணிப்பாளர் யோசித்தார். துணை இயக்குநரின் காருக்கு மேலே சுழல்விளக்கு வைத்ததும் இதே தத்துவத்தின்படிதான். கார் முன்பு போலவே மெதுவாகத்தான் போகிறது. ஆனால் அவர் விரைந்து கொண்டிருக்கிறார் என்பது ஊருக்கே தெரிகிறது. விளக்குள்ள ரேம் ஏற்கப்பட்டது.

அடுத்தது ப்ராசசர். ஒரே ப்ராசசர் இரண்டு விதமாக வந்தது. ஒன்றின் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. விலையோ குறைவாக இருந்தது.

"அப்பா, அது வேணாம். அந்த எழுத்து இருந்தா அதுக்குத் தானா படம் காட்டத் தெரியாதுன்னு அர்த்தம். தனியா கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டினாத்தான் திரையில படம் வரும்."

கண்காணிப்பாளர் சிரித்தார். ஆள் எடுப்பதில் அவருக்கு அனுபவம் உண்டு. "பேருக்குப் பின்னால கூடுதலா எழுத்து போட்டிருக்கிறவன், குறைஞ்ச சம்பளத்துக்கு வரேங்கிறான். விட்டுடலாமா?"

"அப்ப கார்டு வாங்கணும்."

"கார்டு என்ன பண்ணும்?"

"கணக்குப் போடும். படத்துக்கான கணக்கு."

"ப்ராசசர்?"

"அதுவும் கணக்குத்தான் போடும், ஆனா..."

"ஒரே வேலைக்கு ரெண்டு ஆள்." கண்காணிப்பாளர் பேனாவை மூடினார். "கார்டு ரெண்டாம் கட்டத்துல பாத்துக்கலாம்."

சிறப்பு அழைப்பாளரின் கருத்து நன்றியுடன் பதிவு செய்யப்பட்டது.

மைக் விஷயம் இன்னும் சுலபமாக முடிந்தது. வீட்டில் ஏற்கெனவே ஒரு மைக் இருந்தது. மனைவியின் பழைய போனுக்குள். இருக்கிற பொருள் பயனற்றது என்று சான்று பெறாமல் அதே வகைப் பொருளைப் புதிதாக வாங்க விதியில்லை. சான்று தருவதற்குத் தகுதியான அதிகாரி யார் என்று தலைவர் விதிப்புத்தகத்தைப் பார்த்தார். கொள்முதல் பிரிவுக் கண்காணிப்பாளர் என்று இருந்தது. தன் மகளுக்குத் தானே சான்று கொடுப்பது முறையல்ல என்று அவர் மறுத்துவிட்டார்.

"அப்ப எதத்தான் வாங்கப் போறீங்க?" என்றார் நிதி உறுப்பினர், ஷூவைக்கூடக் கழற்றாமல்.

"முதல் கட்டம் உள்கட்டமைப்பு," என்றார் தலைவர். "ஆபீஸ்லயும் அப்படித்தான். மொதல்ல கட்டடம் கட்டுவோம். டாக்டர், மருந்தெல்லாம் அப்புறம் வரும்."

"எங்க ஆஸ்பத்திரி புது பிளாக்கும் அப்படித்தான் கட்டினீங்க. நாலு வருஷமா உள்ள புறா குடியிருக்கு."

"கட்டடத்துல குறை ஏதாவது இருக்கா?"

"புறாக்கள் ஒண்ணும் சொல்லல."

தலைவர் அதை ஆதரவு வாக்காக எடுத்துக்கொண்டார். கேபினெட் தேர்வு ரிவ்யூவிடம் விடப்பட்டது. அவர் பன்னிரண்டு நாள் ஆராய்ந்தார். மூன்று பக்கம் கண்ணாடி, ஒன்பது விசிறி, ஒரு கோடியே அறுபது லட்சம் வண்ணங்கள். உறையில் இருந்ததில் பாதிக்கு மேல் அதுவே சாப்பிட்டது. "மிச்சத்த எதுல போடுறதுங்கிற கவலையே இனிமே இல்ல அத்தான்," என்றார் அவர். உண்மைதான். மிச்சம் என்று பெரிதாக எதுவும் இல்லை.

ஐந்தாவது வாரம் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஸ்குரூ டிரைவரைக் காதில் செருகியபடி கேட்டார்.

"மூணு கடையோட விலைப்புள்ளி, மூடின உறையில வேணுமா சார்? மூணையும் நானே எழுதித் தரட்டுமா?"

"அதானே வழக்கம்," என்றார் கண்காணிப்பாளர், தொழில் தெரிந்த ஒருவரைச் சந்தித்த மகிழ்ச்சியில்.

கடைக்காரர் பட்டியலைப் படித்தார். மறுபடி படித்தார். மகளைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள்.

"சார், இதுல படம் வராது."

"தெரியும். ரெண்டாம் கட்டம்."

முப்பது வருடம் கடை நடத்துகிறவருக்கு வாடிக்கையாளரோடு எதுவரை பேசலாம் என்பது தெரியும். பில்லைப் போட்டார்.

கேபினெட் வந்து இறங்கிய அட்டைப்பெட்டியே ஒரு கன்றுக்குட்டியைக் கட்டி வைக்குமளவு இருந்தது. உள்ளே நாலு பக்கமும் கையளவு தடிமனில் நுரைப்பஞ்சு. மகள் எல்லாவற்றையும் பொறுமையாக மாட்டினாள். பட்டனை அழுத்தியதும் கூடம் முழுக்கச் சிவப்பும் நீலமும் பச்சையுமாக அலையடித்தது. ஒன்பது விசிறிகளும் ஒன்றாகக் கிளம்பின. பாராட்டுக் கடிதம் சட்டத்தோடு ஆடியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

முதல் கட்டத் தொடக்க விழாவுக்கு அழைக்கப்பட்டிருந்த துணை இயக்குநர் வெகுநேரம் பார்த்தார்.

"திரை ஏன் எரியல?"

"மின்சேமிப்பு சார்," என்றார் கண்காணிப்பாளர்.

"நல்ல சிந்தனை," என்று துணை இயக்குநர் இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

ரிவ்யூவுக்கு மட்டும் ஏமாற்றமே இல்லை. அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து போனில் கேம் ஆடினார். பின்னால் வண்ணங்கள் ஓட, அந்தப் புகைப்படத்தை நண்பர்களுக்கு அனுப்பினார். முந்நூறு பேர் வாழ்த்தினார்கள். படம் வராவிட்டால் என்ன, பின்னணி வருகிறதே. நண்பர்கள் நேரில் பார்க்கவும் வந்தார்கள். வருகிறவர்களுக்காகப் பகல் முழுக்கப் பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. விமானம் கிளம்புவதற்கு முன் ஓடுபாதையில் நிற்பது போன்ற அந்த இரைச்சலுக்கு வீடு பழகிக்கொண்டது.

மகள் கார்டுக்கு மனு எழுதினாள். முதல் கட்டத்தின் பயன்பாட்டு அறிக்கை வந்தபின் பரிசீலிக்கப்படும் என்று பதில் கொடுக்கப்பட்டது, கையொப்பத்தோடு, சாப்பாட்டு மேசையில்.

அதன்பின் அவள் எதுவும் கேட்கவில்லை. அது கண்காணிப்பாளருக்கு நிம்மதியாக இருந்தது. மனு வராத அலுவலகமே நல்ல அலுவலகம்.

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருக்கையில், தலைவலி என்று அவர் மதியமே வீடு திரும்பினார். கூடத்தில் விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன. ரிவ்யூ நான்கு பேருக்கு வண்ணம் மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். மகளின் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அந்தப் பெரிய அட்டைப்பெட்டி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அதிலிருந்து இரண்டு கால்களும் அம்மாவின் பழைய போனின் சார்ஜர் வயரும் நீட்டிக்கொண்டிருந்தன. மேலே இரண்டு போர்வைகள்.

பாட்டு பெட்டிக்குள்ளிருந்து வந்தது. பாட்டில் ஒருத்தி ஒரு கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே இருப்பவர்கள் நல்லவர்கள்தான், வேலையாக இருக்கிறார்கள், இதோ கூப்பிட்டுவிடுவார்கள் என்று பாடினாள். உயரே போகவேண்டிய இடத்தில் குரல் நின்றது.

"மறுபடி இரைச்சல் விழுந்துடுச்சு," என்றது பெட்டி, தனக்குத்தானே. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தது.

வியர்வையில் ஊறிய அந்தக் கால்களைக் கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கூடத்துக்குப் போனார். கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினார்.

"அத்தான், என்ன ஆச்சு?"

"வாய மூடு. எல்லாரும் செருப்ப மாட்டிக்கிட்டு வெளிய போங்க. சத்தம் வரக்கூடாது."

எழுத்துப்பூர்வமான ஆணை இல்லாமல் இருபத்தாறு ஆண்டுகளில் அவர் செய்த முதல் காரியம் அது. அன்று மாலைவரை வாசற்படியில் காவல் இருந்தார். காய்கறிக்காரரைக்கூடச் சைகையிலேயே அனுப்பினார்.

பாடல்கள் போயின. ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மகள் தேர்வாகிவிட்டாள். ஆனால் ஒரு நிபந்தனை. போனில் பதிவு செய்யப்பட்டவை விதிப்படி ஏற்கப்படமாட்டா. ஆகவே பயன்படுத்திய கருவியின் மாதிரி எண்ணைக் குறிப்பிட்டு, பெற்றோர் கையொப்பமிட்டு அனுப்பவும்.

மகள் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மனைவி கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆறு மாத ஷிப்ட் இருந்தது.

"குடு இங்க," என்றார் கண்காணிப்பாளர். எதையும் வாங்கத்தான் அவருக்குத் தெரியாது. படிவம் நிரப்பத் தெரியும். மகளின் அறைக்குப் போய், அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த நீளமான எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்து எழுதினார். மூன்று பாடல்களும் அதனுள்தான் பதிவாயின. அது கம்ப்யூட்டரா, அட்டையா என்று படிவம் கேட்கவில்லை.

மகள் கல்லூரியில் சேர்ந்தாள். கல்லூரியும் தன் கடமையைச் செய்தது. தேர்வான மாணவர்கள் பயன்படுத்திய கருவிகளின் மாதிரி எண்களை அடுத்த ஆண்டு விண்ணப்பிப்பவர்களின் நன்மைக்காகத் தகவல் பலகையில் ஒட்டியது.

பதினோரு மாதம் கழித்து, கண்காணிப்பாளர் தானே முன்மொழிந்து, தானே வழிமொழிந்து, இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார். மகளை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்கு வெளியே தெருமுனைவரை வரிசை நின்றது. எல்லாம் தாய் தகப்பன்கள். உள்ளே சுவர் முழுக்க அதே மூன்று கண்ணாடி, ஒன்பது விசிறி.

"கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு வேணும்," என்றார் கண்காணிப்பாளர்.

"கார்டா?" கடைக்காரர் காதிலிருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்துத் தலையைச் சொறிந்தார். "காலேஜ் பலகையில இருக்கிற நம்பரக் காட்டி, உங்க லிஸ்டத்தான் சார் இப்ப எல்லாரும் கேக்குறாங்க. கார்ட யாரும் கேக்குறதில்ல. வாங்கி வைக்கிறதயே விட்டுட்டேன்."

மகளுக்குப் பொறுக்கவில்லை. வரிசையில் முதலில் நின்ற அம்மாவிடம் போனாள். அவர் கையிலும் ஓர் உறை இருந்தது.

"ஆன்ட்டி, இத வாங்காதீங்க. இதுல படமே வராது."

அந்த அம்மா அவளை இரக்கத்தோடு பார்த்தார். விவரம் தெரியாத பிள்ளை.

"அதெல்லாம் ரெண்டாம் கட்டத்துல பாத்துக்கலாம்மா," என்றார். "நீ வரிசைல வா."