சிப்பி ஜாடிக்கு எக்ஸ்பைரி தேதி

அன்புள்ள சாதிக் பாட்ஷா மச்சான் அவர்களுக்கு, மனாமா குதைபியாவிலிருந்து கௌஸ் முகைதீன் ஸலாத்துடன் எழுதுவது. இறையருளால் நானும் உங்கள் தங்கச்சி மதீனாவும் நலம். என் சுகர் எங்களைவிட நலம்.

நிற்க. "பழஞ்சட்டியைப் பத்திப் படிச்சு உங்க மக என்னத்தைக் கிழிக்கப்போறா?" என்று போன பெருநாளைக்குக் கேட்டீர்களே, இதோ பதில். நஜீஹா வேலை பார்க்கும் கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பழைய ஜாடி வந்தது. நம்ம ஊறுகாய் ஜாடி மாதிரிதான். நியூயார்க்கில் அந்தக் காலத்தில் சிப்பிக்கறி ஊறப்போட்டு விற்றது. வந்தது எங்கள் கார்கோ ஆபீஸ் வழியாக, பேப்பர் போட்டது நான். "சிப்பி ஜாடி, ஒன்று" என்பதை "சிப்பி, ஒரு ஜாடி" என்று அடிச்சிட்டேன் மச்சான், பெட்டி நேரே உணவுப் பரிசோதனைக்குப் போயிருச்சு, அங்கே ஆபீசர் தயாரிப்புத் தேதியைப் பார்க்கிறார், 1800ன்னு இருக்கு, "எக்ஸ்பைரி எங்கே?"ங்கிறார், உள்ளே சிப்பி மாஃபி, ஒண்ணுமே இல்லைன்னேன், "அப்ப தின்னது யாரு?"ங்கிறார், மறுநாள் திறப்பு விழா, எங்க மேனேஜர் போனிலேயே என் வேலையைக் கலாஸ் பண்ணிட்டார்.

அப்பதான் நஜீஹா வந்தா. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. அரபியில ஆரம்பிச்சா பாருங்க.

"இதைச் செஞ்சவர் தாமஸ் கொமரா. அடிமையாப் பிறந்து, சின்ன வயசுலேயே விடுதலையான கறுப்பர். அந்த ஊர்ல அடிமைத்தனம் ஒழியறதுக்கு முந்தியே சொந்தப் பட்டறை வச்சு, ஜாடியில தன் பேரைக் குத்தி வித்தவர். பின்னால வந்தவங்க அவரை வெள்ளைக்காரர்னே எழுதிட்டாங்க. கையில பேரை வச்சிக்கிட்டே ஆளைத் தொலைச்சிட்டாங்க, சார். நீங்களும் பேப்பரை மட்டும் பார்க்காதீங்க, ஜாடியைப் பாருங்க."

பெட்டியைத் திறந்தாங்க. சாம்பல் நிற ஜாடி, கழுத்தில நீலப் பூவேலை, அதுக்குக் கீழே பேரு. ஆபீசர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா வாய்விட்டுப் படிச்சார். அப்புறம் முத்திரையை எடுத்துக் குத்திட்டு, "நாளைக்கு என் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரலாமா?"ன்னு கேட்டார். "இவ என் மக"ன்னு அவர்கிட்ட மூணு தடவை சொன்னேன், வாசல்ல டீ ஊத்துறவர்கிட்ட ஒரு தடவை.

மேனேஜர் வேலையைத் திருப்பித் தந்துவிட்டார். நஜீஹாவுக்கு நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கீழக்கரை மாப்பிள்ளை விஷயமாக டிசம்பர் லீவில் மூவரும் வருகிறோம். பேச்சை முடித்துவிடலாம். பெரியவர்களுக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு துஆ.

இப்படிக்கு,
கௌஸ் முகைதீன்

பி.கு.: உறையை ஒட்டும்போது நஜீஹா வந்தாள். ஜாடி அனுப்பியவர்கள் ஒரு வருஷம் நியூயார்க் வந்து படிக்கச் சொல்கிறார்களாம். டிசம்பரில் பயணம். நான் சரி என்று சொல்லிவிட்டேன். மதீனாவிடம் இன்னும் சொல்லவில்லை. கூடப் பிறந்த காக்கா நீங்கள் சொன்னால் கேட்பாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் அவளுக்குப் போன் பண்ணுங்கள், நான் பள்ளிவாசலில் இருப்பேன்.