தொட்டிக்குள் வந்த பங்காளிகள்

திருநெல்வேலி டவுண்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை குமரகுருபரன் அவர்களுக்கு மாமா வைத்தியலிங்கம் எழுதிக்கொண்டது. நெல்லையப்பர் புண்ணியத்தில் இங்கே உங்கள் மீன் நலம். அதற்கு அடுத்தபடியாக நானும் உங்கள் அத்தையும் நலம். பூனாவில் நீங்களும் விஜயஸ்ரீயும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

மாற்றலாகிப் போகும்போது உங்கள் ஆஸ்கர் மீன் துரையைத் தொட்டியோடு என்னிடம் ஒப்படைத்து, "மாமா, இவன் தனியாவே இருந்து பழகுனவன், என்ன ஆனாலும் வேற மீனை மட்டும் உள்ள விட்டுராதிய" என்று படித்துப் படித்துச் சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் நீங்கள் போன மறுநாளே துரை சாப்பாட்டை நிறுத்திவிட்டான். தீனியைப் போட்டால் ஒரு பார்வை பார்ப்பான், திரும்பிக்கொள்வான். மூலையில் சாய்ந்தபடி கிடந்தான். மூன்று தலைமுறையாக மீன் வாடை ஏறாத சைவ வீட்டில் உங்கள் அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு அவனுக்கு ஊட்டாத குறைதான். "புள்ளை ஏங்கிப்போய்க் கெடக்கு, ஒரு துணை இருந்தாத் தேறிரும்" என்றாள். என் மகளைப் பார்ப்பதற்கு முன்பிருந்தே நீங்கள் வளர்த்த பிள்ளை. தலை தீபாவளிக்கு நீங்கள் வந்து இறங்கும்போது தொட்டி காலியாக இருந்தால், நான் எந்த முகத்தோடு உங்களுக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பேன்?

அதனால் உங்கள் சொல்லை மீறி வண்ணார்பேட்டை மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் பாக்கியசீலன், விரல் நீளத்தில் உடம்பெல்லாம் கறுப்பு வரி போட்ட மீன்கள் சிலவற்றைக் காட்டி, "இதுவும் சிக்லிட் சாதிதான் அண்ணாச்சி, உங்க ஆஸ்கருக்குப் பங்காளி முறை" என்றார். பெரியது இவற்றை முழுங்கிவிடாதா என்று கேட்டேன். "ஒத்துப்போனாத் துணை, ஒத்துப்போகலைன்னாத் தீனி. எப்படின்னாலும் உங்களுக்கு நட்டமில்ல" என்றார். நேரே கொண்டுவந்து தொட்டியில் விட்டேன். அத்தனை நாள் செத்ததுபோல் கிடந்த துரை பாய்ந்த பாய்ச்சலில் தண்ணீர் எகிறி உங்கள் அத்தையின் புதுச் சேலையில் விழுந்தது. பங்காளிகள் பம்புக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டார்கள். வலையை விட்டு அவர்களை வெளியே எடுப்பதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது.

அப்போதுதான் மாப்பிள்ளை, என் உத்தியோகம் கைகொடுத்தது. சர்வே டிபார்ட்மெண்டில் சங்கிலி இழுத்து நரைத்த தலை இது. புறம்போக்கை வளைத்துப் போட்டு வருஷக்கணக்காக அனுபவிக்கிறவன் உட்கார்ந்திருக்கும்போதே பக்கத்தில் இன்னொருவனைக் குடிவைத்தால் வெட்டுக்குத்துதான் நடக்கும். முதலில் அவனை வெளியே அனுப்ப வேண்டும். அவன் இல்லாத சமயத்தில் எல்லைக் கல்லை மாற்றி நட வேண்டும். புதியவர்களை இடத்தில் குடியேற்றி அனுபவிக்க விட்டு, கடைசியில்தான் பழையவனை உள்ளே கூப்பிட வேண்டும். துரையை அவன் தண்ணீரோடு பித்தளை அண்டாவில் இறக்கினேன். "அது எங்கம்மா சீரா குடுத்த அண்டால்லா!" என்று அத்தை கத்தியதை நான் கேட்கவில்லை. தொட்டியில் இருந்த கல்லையெல்லாம் புரட்டி இடம் மாற்றி, பழைய சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்து, விளக்கை அணைத்துப் பங்காளிகளை உள்ளே விட்டேன். அவர்கள் சுற்றிப் பார்த்து, ஆளுக்கொரு பொந்து பிடித்து, தீனியும் தின்று முடித்த பிறகே துரையை உள்ளே விட்டேன்.

"பைய விடுங்க, பைய விடுங்க" என்று அத்தை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். துரை உள்ளே போய் அப்படியே நின்றுவிட்டான். அவன் மூலையைக் காணோம், அவன் கல்லைக் காணோம். வெளியூரில் பஸ் மாறி இறங்கியவன் மாதிரி முழித்தான். ஒருவனை விரட்டினான், அவன் சட்டிக்குள் புகுந்தான். இன்னொருவனை விரட்டினான், அவன் கல் இடுக்கில் புகுந்தான். துரைக்கு மூச்சு வாங்கியது. அந்த நேரம் பார்த்துத் தீனியைத் தூவினேன். சின்னவர்கள் ஓடிவந்து கொத்த ஆரம்பித்ததும் துரைக்கு ரோஷம் வந்துவிட்டது. எனக்குப் போட்டதை நீங்கள் யார் தின்பது என்று பாய்ந்து, மாப்பிள்ளை, தின்றான்! வாய் நிறையத் தின்றான்! அத்தை அழுதே விட்டாள். நான் அழவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். ஜில்லாவில் எத்தனையோ எல்லைத் தகராறு தீர்த்திருக்கிறேன், இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததே கிடையாது.

ஆகவே துரை பற்றிக் கவலையை விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். இனி மீன் வளர்ப்பில் சந்தேகம் எதுவானாலும் கூச்சப்படாமல் என்னைக் கேட்கலாம். நீங்களும் விஜயஸ்ரீயும் மனம்போல் வாழ்ந்து, சீக்கிரம் ஒரு நல்ல சேதி சொல்ல வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமா,
வைத்தியலிங்கம்

பின்குறிப்பு: தபால்தலை வாங்க மறந்ததில் இந்தக் கடிதம் சில நாள் அலமாரியிலேயே தங்கிவிட்டது. இதற்குள் நல்ல சேதி பங்காளிகளுக்கு வந்துவிட்டது. இரண்டு பேர் ஜோடி சேர்ந்து முட்டையிட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து துரையைத் தொட்டியில் எந்தப் பக்கமும் அண்ட விடாமல் விரட்டி விரட்டிக் கடிக்கிறார்கள். அவர்களை வெளியேற்றலாம் என்றால், "புள்ளைத்தாய்ச்சியைத் தெருவுல விடுவியளோ? அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்" என்று அத்தை குறுக்கே நிற்கிறாள். எனவே துரையைக் குளியலறைச் சிமெண்டுத் தொட்டிக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே அவன் ராஜா. நன்றாகத் தின்கிறான். யார் செம்பை விட்டாலும் பாய்ந்து கடிக்கிறான். நானும் அத்தையும் குளிக்கக் குறுக்குத்துறைக்குப் போய் வருகிறோம். உங்களுக்கும் தலை தீபாவளி எண்ணெய்க் குளியல் ஆற்றில்தான். நீச்சல் தெரியுமா என்று கல்யாணத்துக்கு முன்பு விசாரிக்காமல் விட்டுவிட்டேன். தெரியாவிட்டால் இப்போதே பழக ஆரம்பிக்கவும்.