இரண்டாம் மாடியில் வெளிநாடு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதன்பிறகு வெகுகாலம் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில்தான், டெல்லி லோதி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், டிரைகிளீனர் கடைக்கு மேலே, 'வெளிநாட்டுக் கிளை வளாகம்' என்னும் மூன்றாவது மகத்தான கண்டுபிடிப்பு குத்துவிளக்கேற்றித் திறந்துவைக்கப்பட்டது. இனி மாணவன் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. வெளிநாடே மாடிப்படி ஏறி வந்துவிடும்.

இந்த மகத்துவத்தின் முதல் பயனாளியான ஜோதிலிங்கம், ஜூன் மாதத்தில் ஒரு காலை, ஆர்.கே.புரம் பால் பூத்துக்கு எதிரே வேப்பமரத்தின் பின்னால் காலி பாட்டில்களோடு ஒளிந்து நின்றுகொண்டிருந்தார். சிறிய சிக்கல் ஒன்று அவரை வாட்டியது. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர், டெல்லியில் பால் வாங்க க்யூவில் நிற்கலாமா?

இந்தச் சிக்கல் புரிய வேண்டுமானால் ஏற்பாட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜோதிலிங்கம் ஓர் அமைச்சகத்தில் அப்பர் டிவிஷன் கிளார்க். பி.எஃப். பணத்தை எடுத்து, பூமத்திய ரேகைக்கு வெகு தெற்கே இருக்கும் சவுத் மார்லோ பல்கலைக்கழகத்தின் டெல்லிக் கிளையில் நிர்வாகவியல் படிக்கச் சேர்ந்தார். உள்நாட்டில் படிக்க அவருடைய அமைச்சகம் விடுப்புத் தராது; வெளிநாட்டில் படித்தால் தரும். கிளையோ, தன் வாசல் மிதியடிக்கு அந்தப்பக்கம் முழுவதும் 'சவுத் மார்லோ மண்' என்று சான்றளித்தது. செக்‌ஷன் ஆபீசர் பட்டாபி பல்கலைக்கழகத்தின் பெயரைப் படித்தார், வியந்தார், முகவரியைப் படிக்காமல் சிபாரிசு செய்தார். ஒரு வருட விடுப்பு வந்தது.

தமிழ்ச் சங்கத்தில் சந்தன மாலை போட்டு, வாழ்த்துப்பா வாசித்து, 'கடல் கடந்த கல்விச் செம்மல்' என்ற பட்டமும் கொடுத்து வழியனுப்பினார்கள். செம்மல் பஸ் ஏறிக் கடல் கடந்து, சாயங்காலமே திரும்பி வந்தார். மறுநாளும் அப்படியே.

இது வெளியே தெரிந்தால் விடுப்பு ரத்து. விடுப்பு ரத்தானால், ஆபீசுக்கு வராத நாளெல்லாம் சொல்லாமல் ஓடிப்போன நாள். அதற்குப் பெயர் 'சர்வீஸ் பிரேக்'. அரசு ஊழியருக்கு எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டுச் சேர்த்துவிடலாம். சர்வீஸ் முறிந்தால் கட்டுப்போடும் வைத்தியர் இன்னும் பிறக்கவில்லை. பென்ஷன் போனது போனதுதான்.

க்யூவில் மூன்றாவதாக நின்றவர் பட்டாபி. ஜோதிலிங்கம் காலி பாட்டில்களோடு வீடு திரும்பினார்.

"பால் எங்கங்க?" என்றாள் மனைவி அம்சவேணி.

"பட்டாபி சார் நிக்கிறாரு."

"அவரு நின்னா பசு கறக்காதா? சரி, ஃபாரின்லருந்து வரும்போது ஐ.என்.ஏ. மார்க்கெட்ல இறங்கி நாலு முருங்கக்கா வாங்கிட்டு வாங்க. போன தடவ வாங்குனது ஒரே முத்தல்."

"மெதுவாப் பேசு அம்சா. நான் இங்க இல்ல."

"இல்லாத ஆளு எதுக்குங்க மூணு தோச கேட்டீங்க?"

ஜோதிலிங்கம் ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

ஜூன் மாதத்தில் ஓவர்கோட் ஏன் என்று கேட்பவர்களுக்கு, பூமி நேராக நின்று சுற்றவில்லை, சற்றே சாய்ந்து சுற்றுகிறது என்பதை நினைவூட்ட வேண்டும். வடபாதி சூரியன் பக்கம் சாயும்போது தென்பாதி விலகிக்கொள்கிறது. ஆகவே நமக்குக் கோடை என்றால் சவுத் மார்லோவுக்குக் கடுங்குளிர். தாய் வளாகத்தின் தரம் கிளையில் ஓர் இழைகூடக் குறையக்கூடாது என்பது கொள்கை. எனவே ஜூன் பிறந்ததும் ஜன்னல்கள் சாத்தப்பட்டன, ஹீட்டர்கள் போடப்பட்டன, ஓவர்கோட் கட்டாயமாயிற்று. சந்தில் லூ என்னும் அனல்காற்று அடித்துக்கொண்டிருக்க, இரண்டாம் மாடியில் மாணவர்கள் சர்வதேசத் தரத்தில் வியர்த்தார்கள்.

அன்றைக்கு வாசலிலேயே காவலுக்கு இருந்த சௌகிதார் தடுத்தான். "ஆஜ் சுட்டி ஹை, சாப். உதர் பரஃப் கிரா ஹை." சவுத் மார்லோவில் பனி கொட்டிச் சாலைகள் மூடிவிட்டன, அதனால் வளாகத்துக்கு விடுமுறை என்று தந்தி வந்திருந்தது.

இப்படித்தான், மத்தியானம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், முருங்கைக்காயை முறுக்கிப் பதம் பார்த்துக்கொண்டிருந்த ஜோதிலிங்கத்தின் கையை இன்னொரு கை பற்றியது.

"ஓய் ஜோதிலிங்கம்! நீர் ஃபாரின்ல இல்ல இருக்கணும்?"

பட்டாபி! அப்பளம் வாங்க வந்திருந்தார்.

"இருக்கேன் சார். இன்னைக்கு அங்க பனி. லீவு விட்டுட்டாங்க."

பட்டாபி வானத்தைப் பார்த்தார். வெயில் அவரைப் பார்த்தது.

"பனியா?"

"முழங்கால் அளவு சார். நடக்கவே முடியலையாம்."

"எங்க ஓய் இருக்கு, உம்ம ஃபாரின்?"

"இங்கருந்து ரெண்டு ஸ்டாப்பு சார்."

பட்டாபியின் கையிலிருந்த அப்பளக்கட்டு நொறுங்கியது. சிபாரிசு செய்த கையும் அதுதானே! ஜோதிலிங்கத்துக்கு சர்வீஸ் பிரேக் என்றால் பட்டாபிக்கு மெமோ. அடுத்த வருடம் ரிடையராகப் போகிறவருக்கு மெமோ என்பது கல்யாண வீட்டில் தும்மல்.

"நடவும், ஓய். அந்த தேசத்தைப் பாத்துடறேன்."

வெளிநாட்டுக்குள் பழம் கொண்டுபோகக் கூடாது என்னும் விதி தெரிந்தவர் பட்டாபி. மிதியடியைத் தாண்டும் முன், பையிலிருந்த மாம்பழங்களை எடுத்து இந்தியப் பகுதியில் வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார். விடுமுறையிலும் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. பனிக்காலத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடக் கூடாது என்று தாய் வளாகத்தின் விதி. குழாயில் தண்ணீர் வந்து நான்கு நாளாகிறது. அதனால் விதியின் மகிமை குறையுமா?

ஹீட்டரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த பேராசிரியர் வில்பிரட், தமிழ்நாட்டு நாசரேத்துக்காரர், நெற்றியை வழித்து உதறியபடி எதிர்கொண்டழைத்தார். "வாங்க சார், உக்காருங்க. கோட்டு ஒண்ணு தரட்டா? நல்ல குளிருல்லா."

"கோட்டு இருக்கட்டும். அங்கேர்ந்து வாத்தியார் யாரும் வரலியா?"

"இல்ல சார். எல்லாப் பாடமும் நாந்தான் எடுக்கேன்."

"புஸ்தகம் அங்கேர்ந்து வர்றதோ?"

"இங்க டெல்லி தரியாகஞ்ச்ல அச்சடிச்சது சார்."

"பாடமாவது அவாளோடதா?"

"பாடம் பொதுதான சார். சாயங்காலம் ஈவ்னிங் காலேஜ்லயும் இதத்தான் நடத்துதேன். அங்க ஃபீஸு பத்துல ஒரு பங்கு."

"அப்போ ரெண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?"

வில்பிரட் நேர்மையாக யோசித்தார். "அங்க ஹீட்டர் கிடையாது சார்."

ஜோதிலிங்கத்தின் பதினேழு வருட சர்வீஸ் கண்ணெதிரே உருகி ஓடியது. "சார், என் பென்ஷன் சார்…" என்றார்.

"சும்மா இரும். நேக்கு மட்டும் பென்ஷன் வேண்டாமா?" பட்டாபி மூக்குக்கண்ணாடியின் ஆவியைத் துடைத்தார். "புரொபசர், கடைசியாக் கேக்கறேன். அங்கேர்ந்துதான் ஒண்ணும் வரலை. இங்கேர்ந்து ஏதாவது அங்க போறதா?"

"போகாம? ஃபீஸு போகுதே சார்! இவரு கட்டுன அன்னைக்கே டிராஃப்ட் எடுத்து அனுப்பியாச்சு. ஒத்தப் பைசா இந்த மண்ணுல தங்காது."

"எப்படிப் போறது?"

"ஏரோப்ளேன்ல."

"திரும்பி வருமோ?"

"இதுவரைக்கும் வந்ததில்ல சார்."

பட்டாபி நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். "ஓய் ஜோதிலிங்கம், பொழச்சோம்! ஏரோப்ளேன்ல போச்சு, அங்கேயே தங்கிடுத்து, திரும்பி வரலை. ஃபாரின் ஸ்டேன்னா வேறென்ன ஓய்?"

அந்த வாரமே எல்லாம் ஒழுங்காயிற்று. இரண்டு பென்ஷன்களும் பிழைத்தன. பட்டாபி கோப்பில் எழுதி ஒப்புதல் வாங்கிய தீர்வு மிக எளிது. வெளிநாட்டில் தங்கிப் படிக்க வேண்டும் என்கிறது விதி. விடுமுறைக்கு ஊர் வந்து போகலாம் என்றும் அதே விதி சொல்கிறது. ஜோதிலிங்கத்தின் பணம் வெளிநாட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருக்கிறது. ஜோதிலிங்கம் விடுமுறைக்கு டெல்லி வந்திருக்கிறார்.