விசிற்றர் பார்க்கிங்கில் ஒரு மலை மாநிலம்

இமயமலையை இயற்கை செய்தது. அதில் எவரும் பெருமைப்பட ஒன்றுமில்லை. மல்வேர்னில் எங்கள் ரவுண்ஹவுஸ் வரிசைவீட்டு வளாகத்தின் மலையையோ, முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகம் செய்தது. ‘போர்ட்’ என்று எல்லோரும் சொல்லும் அந்த நிர்வாகத்தின் செயலாளர் என்ற வகையில் இவ்வரலாற்றைச் சொல்லும் பாக்கியம் என்னுடையது.

ஜனவரிப் புயலில் கொட்டிய பனியை லொறியில் ஏற்றி வெளியே கொண்டுபோவதாகத்தான் ஒப்பந்தம். ஒப்பந்தக்காரர் மாக்கஸ், எங்கள் தலைவர் சீமோன் அண்ணையின் மச்சான். நம்முடைய பனியை அந்நியருக்குக் கொடுப்பானேன் என்ற நாட்டுப்பற்றினால், அவர் அத்தனையையும் இரவோடிரவாக விசிற்றர் பார்க்கிங் மூலையில் தள்ளிக் குவித்துவிட்டார். விடிந்தபோது மேல்மாடி யன்னல் உயரத்துக்கு மலை நின்றது. சீமோன் அண்ணை ரிபன் வெட்டினார். மாக்கசுக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. அன்றிலிருந்து நாங்கள் ஒரு ‘மலை மாநிலம்’.

மாநிலம் என்றால் குற்றம் வேண்டும். அதை நிரோஷினி கொண்டுவந்தாள். எங்கள் வளாகத்தில் குடியிருந்து, அஜக்ஸில் ஒரு முதியோர் இல்லத்துக்கு விடியற்காலை வேலைக்குப் போகிறவள்.

“அண்ணை, என்ர காரைக் காணேல்லை. ராத்திரி உந்த மூலையிலதான் விட்டனான்.”

சீமோன் அண்ணை மலையை ஒரு தடவை பார்த்தார்.

“அங்க மலையெல்லோ நிக்குது, தங்கச்சி. மலை நிக்கிற இடத்தில கார் எப்பிடி நிக்கும்? களவு போட்டுது. இப்ப வெளிநாட்டில விக்கக் கப்பலில ஏத்தியிருப்பாங்கள்.”

“ஒருக்காக் கிண்டிப் பாப்பமே? கார் இல்லாட்டி என்ர வேலை போயிடும்.”

“மலையைக் கிண்டுறதோ? சுற்றுச்சூழல் எண்டு ஒண்டு இருக்கு.”

நிர்வாகத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை கொள்கை எதுவுமின்றி வாடியிருந்த சீமோன் அண்ணைக்கு ஒன்று கிடைத்தது: ‘கார்க் களவை ஒழிப்போம்.’ குற்றத்தடுப்பு உபகுழு பிறந்தது. மலையைப் பார்த்தபடி ஒரு கமரா வந்தது. பொருத்தியவர் மாக்கஸ், பன்முகத் திறமையாளர்.

அந்த வாரமே மலையடிவாரத்தில் கூட்டம். களவுபோன கார்களுக்காக ஒரு நிமிட மௌன அஞ்சலி. எல்லோரும் தலைகுனிந்து நின்றபோது நிரோஷினி கார்த் திறப்பை எடுத்து அதன் பொத்தானை அமத்தினாள். மலைக்குள்ளிருந்து ‘பீப்’ என்றது. மறுபடி அமத்தினாள். மலை மறுபடி பதில் சொன்னது.

“கேட்டுதே?” என்றாள்.

“தங்கச்சி, அஞ்சலி நேரம் கதைக்கக் கூடாது,” என்றார் சீமோன் அண்ணை.

பொருளாளர் ஷாமிலா தன் சப்பாத்தைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று கூட்டம் ஏகமனதாகத் தீர்மானித்தது. இப்படியொரு ஒற்றுமையை எங்கள் வளாகம் அதற்குமுன் கண்டதில்லை.

மறுநாள் நிரோஷினி தானே பனி அள்ளும் சவளோடு போனாள். கமரா பிடித்துவிட்டது. பொதுச்சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. வசனம் என்னுடையது, பலரும் பாராட்டினார்கள்.

பஸ் மாறி மாறிப் போய்ப் பிந்தியதில் அவளுடைய வேலையும் போனது. களவின் கொடுமைக்கு அதையே சீமோன் அண்ணை மேடையில் கண்ணீரோடு உதாரணம் காட்டினார். போட்டியின்றி வென்றார்.

ஏப்ரலில் மலை கரைந்தது. முதலில் அன்ரெனா தெரிந்தது. பிறகு காரின் கூரை. சீமோன் அண்ணை உடனே எல்லோரையும் அழைத்தார்.

“எங்கட நிர்வாகத்தில களவுபோன கார் மீட்கப்பட்டிருக்கு,” என்று அறிவித்து, காருக்குப் பொன்னாடை போர்த்தினார். நாங்கள் கைதட்டினோம்.

நிரோஷினி வந்து திறப்பை அமத்தினாள். சத்தமில்லை. இன்னொரு தரம் அமத்தினாள்.

“பற்றரி செத்திருக்கும்,” என்றார் மாக்கஸ்.

அவள் காரைப் பார்த்தாள். வரிசையாக நின்ற எங்களைப் பார்த்தாள். பிறகு என்னிடம் நிதானமாகச் சொன்னாள்:

“எல்லாம் தெரிஞ்சும் வாயைத் திறக்குதில்லை. பொன்னாடையும் போட்டாச்சு. இனி இதையும் உங்கட போர்ட்டில சேத்துக்கொள்ளுங்கோ, அண்ணை.”